இடிக்கும் முன் வரைந்துவிட்டார்

மறைந்த ஊர்கள் – 14

1870 டிசம்பர் 28. ரோம் நகரம் கண் விழித்தபோது தெருக்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரவோடு இரவாக டைபர் ஆறு கரை புரண்டு, ரிப்பெத்தா படித்துறையின் அளவுக்கல்லில் 17.22 மீட்டரைத் தொட்டிருந்தது. நகரின் முதன்மைச் சாலையான கோர்சோவில் படகு விட்டார்கள். பழம்பெருமை வாய்ந்த பாந்தியன் கோயிலுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் கீழ்வீடுகள் முழுகிப்போயின. மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் ஜன்னல் வழியாகப் படகுக்காரர்களிடம் ரொட்டி வாங்கிப் பசியாறினார்கள்.

இத்தாலியப் படை போர்த்தா பியா வாசலருகே மதிலை உடைத்து ரோமுக்குள் நுழைந்ததையும், போப்பாண்டவரின் அரசாட்சி முடிவுக்கு வந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். அது நடந்தது செப்டம்பர் 20-ஆம் தேதி. அடுத்த மூன்றே மாதத்தில் இந்த வெள்ளம். புதிய மன்னர் விக்டர் இம்மானுவேல் தம் வருங்காலத் தலைநகருக்குள் முதன்முதலாகக் காலடி வைத்ததே வெள்ளச் சேதம் பார்க்கத்தான். டிசம்பர் 31-ஆம் தேதி வந்தார், சில மணி நேரம் சுற்றிப் பார்த்தார், புறப்பட்டுவிட்டார்.

வெள்ளம் ரோமுக்குப் புதிதல்ல. பாந்தியனுக்குப் பின்புறம் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா என்றொரு தேவாலயம் இருக்கிறது. அதன் முகப்புச் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளமும் எவ்வளவு உயரம் ஏறியது என்று கல் பதித்து வைத்திருக்கிறார்கள். 1422, 1495, 1530, 1557, 1598 என்று வரிசையாகப் படிக்கலாம். 1598-இன் கல் ஓர் ஆளின் தலைக்கும் மேலே இருக்கிறது. அத்தனை வெள்ளங்களுக்குப் பிறகும் சனங்கள் சேற்றை வழித்துப்போட்டுவிட்டு அதே வீட்டில் குடியிருந்தார்கள். இந்த முறை அப்படி விட அரசு தயாராக இல்லை. ஒரு தேசத்தின் தலைநகரம் ஆண்டுதோறும் ஆற்றுக்குப் பயந்து கிடக்கக் கூடாது என்று முடிவெடுத்து, 1871 பிறந்ததுமே வல்லுநர் குழு அமைத்தது.

பல யோசனைகள் வந்தன. டைபரையே ஊருக்கு வெளியே திருப்பிவிடலாம் என்று 1875-இல் இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி வந்து வாதாடினார். கடைசியில் வென்றது பொறியாளர் ரஃபாயேலே கனெவாரியின் திட்டம். ஊருக்குள் ஆறு போகும் வழி நெடுக இரு கரையிலும் உயர்ந்த கல்மதில் எழுப்புவது, ஆற்றின் அகலத்தை எங்கும் ஒரே சீராக 100 மீட்டர் ஆக்குவது, மதிலுக்கு மேலே மரம் நட்ட அகலமான சாலை போடுவது. 1876-இல் வேலை தொடங்கியது. முழுவதும் முடிய 1926 ஆயிற்று.

திட்டத்தாளில் 100 மீட்டர் என்று எழுதுவது சுலபம். அந்த 100 மீட்டருக்குள்தான் ஊர் இருந்தது.

அதுவரை ரோமில் ஆற்றங்கரை என்று தனியாக ஓர் இடம் கிடையாது. வீட்டின் பின்சுவரே கரை. சுவருக்கு அடியில் டைபர் ஓடும். பின்கட்டு ஜன்னலைத் திறந்து வாளியை இறக்கினால் தண்ணீர். வாசற்படி ஆற்றில் இறங்கும் வீடுகள், ஆற்றைப் பார்த்து நீட்டிக் கட்டிய மரப் பலகணிகள், சுவர் இடுக்கில் முளைத்த அத்திச் செடிகள், ஓரமாகக் கட்டிக் கிடந்த படகுகள் எல்லாமே அந்த 100 மீட்டர் கணக்கில் அகப்பட்டுக்கொண்டன. தெருத்தெருவாக இடிக்க வேண்டும் என்பது வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் புரிந்திருக்கும். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் தூரிகையை எடுத்தார்.

அவர் எத்தோரே ரோஸ்லர் ஃப்ரான்ஸ். 1845 மே 11 அன்று ரோமிலேயே பிறந்தவர். பெயரில் ஜெர்மன் வாடை அடிப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய முன்னோர்கள் 18-ஆம் நூற்றாண்டில் பொஹீமியா பக்கமிருந்து வந்து ரோமில் வேரூன்றியவர்கள். கொண்டோத்தி தெருவில் ‘அல்பெர்கோ தலெமான்யா’ என்ற பெயர்பெற்ற விடுதியை நடத்தியவர்கள். ஐரோப்பாவின் எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் ரோமுக்கு வந்தால் தங்கும் விடுதிகளில் அதுவும் ஒன்று. அயலூர்க்காரன் ரோமில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்பது அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும்.

வாலிப வயதில் அவர் ரோமிலிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்தார். அப்போது அங்கே துணைத் தூதராக இருந்தவர் ஜோசப் செவர்ன். கவிஞர் கீட்ஸ் 1821-இல் ரோமில் காசநோயால் இறக்கும் வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாரே, அதே செவர்ன், அவரும் ஓவியர்தான். நீர்வண்ணம் இங்கிலாந்துக்காரர்கள் உயிராக நேசித்த கலை. இத்தாலியிலோ பெரிய ஓவியம் என்றால் சுவரோவியம், இல்லாவிட்டால் எண்ணெய் வண்ணம். நீர்வண்ணத்தைப் பூர்வாங்கக் குறிப்பு எடுக்கத்தான் பயன்படுத்துவார்கள். இளைஞர் ரோஸ்லர் ஃப்ரான்ஸுக்கு அதுவே வாழ்நாள் தொழிலாயிற்று. 1875-இல் நாட்சரேனோ சிப்ரியானியும் அவரும் வேறு சில ஓவியர்களும் சேர்ந்து ரோமில் நீர்வண்ண ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

சங்கம் தொடங்கிய மறு ஆண்டு டைபரில் மதில் வேலை ஆரம்பித்தது. 1878 வாக்கில் அவர் தெருக்களை வரையத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோமை வரையாத ஓவியர் ஐரோப்பாவில் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த ஊரை வரைந்து தள்ளியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜூசெப்பே வாசி நகரத்தின் கட்டடங்களை வரிசை வரிசையாகச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அவரிடம் தொழில் பழகிய பிரானேசி, இடிபாடுகளை வைத்தே உலகப் புகழ் பெற்றார். கொலோசியம், ஃபோரம், புனித பேதுரு பேராலயம் என்று பயணிகள் வாங்கிப்போகும் காட்சிகள் ஆயிரக்கணக்கில் அச்சாயின. ஆனால் கொலோசியத்தை யார் இடிக்கப் போகிறார்கள்? இடிபடப்போவது மீன் விற்கிற சந்து, துணி காய்கிற முற்றம், ஆற்றுக்கு இறங்குகிற படிக்கட்டு. அவற்றுக்கு வாங்க ஆளில்லை. ஆகவே வரையவும் ஆளில்லை. ரோஸ்லர் ஃப்ரான்ஸ் செய்த முதல் பெரிய காரியம், எல்லோரும் முதுகைக் காட்டிய பக்கம் திரும்பி உட்கார்ந்ததுதான்.

ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள், 1896 வரைக்கும் வரைந்தார். மொத்தம் 120 ஓவியங்கள். நாற்பது நாற்பதாக மூன்று வரிசை. பெரும்பாலும் ஒரே அளவுத் தாள், ஏறக்குறைய 53-க்கு 75 சென்டிமீட்டர். இந்தச் சீரான அளவும் எண்ணிக்கையும், கைக்கு வந்ததை வரைந்துவிட்டுப் போனவருடைய வேலை அல்ல என்பதைக் காட்டுகின்றன. ஆவணம் தொகுக்கிறோம் என்ற நினைப்போடுதான் செய்திருக்கிறார். கடந்துபோகும் ஒரு காலத்தின் நினைவுகள் என்று தொகுப்புக்கு அவர் வைத்த தலைப்பும் அதைத்தான் சொல்கிறது. ‘ரோமா ஸ்பாரிதா’, அதாவது மறைந்துபோன ரோம் என்று இன்று எல்லோரும் அழைக்கும் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் வரையத் தொடங்கியபோது அந்த ஊர் இன்னும் மறையவில்லை.

வேலை செய்த விதமும் சுவாரஸ்யமானது. அவருக்குப் புகைப்படக்கலை தெரியும். இடத்துக்குக் கேமராவோடு போவார், படம் எடுத்துக்கொள்வார், நேரில் குறிப்பும் எடுப்பார். புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஓவியக்கூடத்தில் நிதானமாக முடித்த படங்களும் உண்டு. ஜன்னல் எத்தனை, படி எத்தனை, எந்தச் சுவர் எந்தச் சுவரின் மேல் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் துல்லியமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புகைப்படமே போதுமே, பிறகு எதற்கு ஓவியம் என்று கேட்கலாம். அந்தக் காலத்துப் புகைப்படத்தில் நிறம் கிடையாது. ரோமின் பழைய சுவர்கள் நிறத்தால் ஆனவை. காவி, மஞ்சள், செங்கல் சிவப்பு. அதன்மேல் மழையும் ஆற்று ஈரமும் ஏறி இறங்கிய பச்சைக் கறை. காரை உதிர்ந்த இடத்தில் தெரியும் பழைய கல். 1880-இல் டைபர் ஓரத்து வீட்டுச் சுவர் எந்த நிறத்தில் இருந்தது என்று இன்று ஒருவருக்குத் தெரிய வேண்டுமானால், கறுப்பு வெள்ளைப் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இந்த 120 தாள்களிடம்தான் போக வேண்டும். நீர்வண்ணத்தில் வெள்ளைக்குத் தனி வண்ணம் தடவுவதில்லை. வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒருமுறை வண்ணம் ஊறிவிட்டால் அழிப்பது கடினம். அதனால் எங்கே தொடக்கூடாது என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். சந்தின் கடைக்கோடியில் விழும் ஒரு கீற்று வெயிலுக்காக, இருண்ட சுவர்களுக்கு நடுவே விரலகலம் தாளைத் தொடாமல் விட்டு வைக்கும் அவருடைய பொறுமை அசாத்தியமானது.

வரிசையில் மனத்தை மிகவும் கனக்கச் செய்பவை கெட்டோ தெருக்கள்.

1555 ஜூலை 14 அன்று போப் நான்காம் பால் ஓர் ஆணை பிறப்பித்தார். ரோமிலிருந்த யூதர்கள் அனைவரும் ஆற்றோரமாக ஒதுக்கப்பட்ட ஒரே இடத்தில் மதிலுக்குள் வசிக்க வேண்டும். அந்த இடம்தான் கெட்டோ. இரவானால் வாசற்கதவுகள் பூட்டப்படும். மதில் கட்டும் செலவையும் யூதர்களே ஏற்க வேண்டியிருந்தது. ஆண்கள் மஞ்சள் தொப்பி அணிய வேண்டும். நிலமோ வீடோ சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. பழைய துணி வியாபாரம் போன்ற ஒன்றிரண்டு தொழில்களே அனுமதி. நகரத்திலேயே தாழ்வான, வெள்ளம் முதலில் ஏறுகிற நிலம் அது. தொடக்கத்தில் ஏழு ஏக்கர் அளவே இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பக்கவாட்டில் விரிய வழியில்லை என்பதால் வீடுகள் மேலே மேலே எழும்பின. கீழே தெருவில் நடப்பவருக்கு வானம் ஒரு நாடா அகலம்தான். 1848-இல் மதிற்கதவுகளை அகற்றினார்கள். ஆனால் கட்டுப்பாடுகள் முழுவதும் நீங்கிச் சம உரிமை வந்தது 1870-இல் போப்பின் ஆட்சி போன பிறகுதான். மேற்கு ஐரோப்பாவில் அவ்வளவு காலம் நீடித்த கெட்டோ வேறில்லை.

அதற்குள் இருந்த தெருக்களில் ஆற்றை ஒட்டிக்கொண்டு போனது ஃபியுமாரா தெரு. ரோஸ்லர் ஃப்ரான்ஸ் அந்தத் தெருவை வெள்ளத்தோடு வரைந்திருக்கிறார். படத்தில் தெருவே கால்வாய். உயரமான இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே அசையாத தண்ணீர். அதில் சுவர்களின் நிழல். கீழ்த்தளத்துச் சுவரில் ஈரக்கறை எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அந்தக் கறை ஒரு நாளில் வந்ததல்ல. மூன்று நூற்றாண்டு மழைக்காலங்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன.

கெட்டோவின் விளிம்பிலேயே இன்னோர் இடம்: ஒக்தாவியா மண்டபம். பேரரசர் அகஸ்டஸ் தம் தமக்கை ஒக்தாவியாவின் பெயரால் எழுப்பியது. செப்டிமியஸ் செவெரஸ் 203-இல் புதுப்பித்தார். பேரரசு போயிற்று, மண்டபத்துக்குள் ஒரு தேவாலயம் முளைத்தது, அதன் வாசலில் மீன் சந்தை கூடியது. தேவாலயத்தின் பெயரே மீன் சந்தையின் சான்த் ஆஞ்சலோ என்றாயிற்று. பழைய பளிங்குப் பலகைகளைக் கிடத்தி அவற்றின்மேல் மீன் பரப்பி விற்றார்கள். 1880-கள் வரை அந்தச் சந்தை நடந்தது.

அங்கே சுவரில் இன்றும் ஒரு பளிங்குக் கல் பதிந்திருக்கிறது. லத்தீனில் வெட்டிய சட்டம்: இந்தக் கல்லின் நீளத்தைவிடப் பெரிய மீன் பிடிபட்டால், தலையிலிருந்து முதல் துடுப்பு வரையுள்ள பகுதியை நகர நிர்வாகிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பெரிய மீனின் தலைதான் சாற்றுக்கு ருசி என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. டைபரில் அப்போது ஸ்டர்ஜன் போன்ற பெரிய மீன்களும் ஏறி வந்தன. ரோஸ்லர் ஃப்ரான்ஸின் படங்களில் இந்த இடம் வெறும் தொல்லியல் சின்னமாக இல்லை. தூண்களுக்கு நடுவே வியாபாரமும் நடமாட்டமுமாக இருக்கிறது. இன்று தூண்கள் இருக்கின்றன, கல்வெட்டு இருக்கிறது. பளிங்குப் பலகையும் மீனும் அவர் தாளில் மட்டும்தான்.

1888-இல் கெட்டோவை இடிக்கத் தொடங்கினார்கள். ருவா தெரு, ஃபியுமாரா தெரு, புளிப்பில்லா ரொட்டி சுடும் அட்சிமெல்லே சதுக்கம் எல்லாம் தரைமட்டமாயின. ஐந்து தொழுகைக்கூடங்கள் ஒரே கூரையின்கீழ் இயங்கிய ‘சிங்க்வே ஸ்கோலே’ கட்டடம் அந்த இடிப்பில் தப்பித்து நின்றது; 1893-இல் தீப்பிடித்துப் பாழாயிற்று; அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் போயிற்று. காலியான நிலத்தில் 1904-இல் பெரிய யூத ஆலயம் திறக்கப்பட்டது. சதுரக் குவிமாடத்தோடு, டைபரின் அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அது நிற்கிறது.

இந்த இடிப்பை நினைத்துப் பெருமூச்சு மட்டும் விடுவது நியாயமாகாது. அந்தச் சந்துகளில் வாழ்ந்தவர்கள் இஷ்டப்பட்டு அங்கே போனவர்கள் அல்லர். ஒளியில்லாத அறைகள், சாக்கடை வசதி இல்லாத முற்றங்கள், ஆண்டுதோறும் வீட்டுக்குள் வரும் ஆறு. 1837-இல் ரோமைக் காலரா தாக்கியது. இப்படிப்பட்ட தெருக்கள் நோய்க்கு வாசல் திறந்து வைத்தவை. கெட்டோ போனபோது அதற்குள் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்துக்கு விடுதலை உணர்வு வந்திருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும். அதே சமயம், பாட்டன் பூட்டன் தொழுத இடமும், கல்யாணம் நடந்த முற்றமும், வாசற்படியில் உட்கார்ந்து துணி தைத்த தெருவும் சுவடில்லாமல் போனதும் அதே குடும்பத்துக்குத்தான். இரண்டும் உண்மை. நீர்வண்ணப் படங்களில் முதல் உண்மை குறைவாகவும் இரண்டாவது உண்மை நிறையவும் தெரிகிறது. அவருடைய தெருக்களில் வெயில் அதிகம். மூக்கைப் பொத்த வைக்கும் எதுவும் அங்கே இல்லை. வாசலில் உட்கார்ந்த பெண்கள், விளையாடும் பிள்ளைகள், கயிற்றில் காயும் துணி என்று அளவாக ஆட்களை அமர்த்தி, காட்சியை அழகாக்குகிறார். சுவரைப் பொறுத்தவரை அவரை நம்பலாம். வாழ்க்கையைப் பொறுத்தவரை அவர் காட்டுவது பாதி.

ஆற்றங்கரைப் படங்களுக்கு வருவோம். வெள்ளத்தின் உயரத்தை அளந்த ரிப்பெத்தா படித்துறை 1704-இல் கட்டப்பட்டது. அலெஸ்ஸாந்த்ரோ ஸ்பெக்கி என்ற கட்டடக் கலைஞர் அலை வளைவதுபோல் படிகளை வளைத்து இறக்கியிருந்தார். முந்தைய ஆண்டு நிலநடுக்கத்தில் கொலோசியத்திலிருந்து விழுந்த கற்களை எடுத்து அதைக் கட்டினார்கள். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் மதுவும் விறகும் படகில் அங்கே இறங்கும். ரோமின் அழகான படித்துறை எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மதில் வந்தது, படித்துறை போயிற்று. அங்கிருந்த நீரூற்றையும் அளவுத் தூண்களையும் மட்டும் பெயர்த்தெடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

தெற்கே ரிப்பா கிராந்தே துறைமுகம், கடலிலிருந்து ஏறி வரும் பெரிய கலங்களுக்கானது. அதுவும் அவர் வரிசையில் இருக்கிறது. ஆற்றில் மிதந்த மாவு ஆலைகளும் இருக்கின்றன. இவற்றின் கதை நீளமானது. 537-இல் கோத்துகள் ரோமை முற்றுகையிட்டு, ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களை அறுத்துவிட்டார்கள். மாவரைக்கும் ஆலைகள் நின்றுபோயின. தளபதி பெலிசாரியஸ் இரண்டு படகுகளை இணைத்து நடுவே சக்கரம் பூட்டி, டைபரின் ஓட்டத்திலேயே ஆலையைச் சுழலவைத்தார். அன்று முற்றுகைக்காகக் கண்ட உபாயம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ரோமுக்கு மாவு அரைத்துத் தந்தது. வெள்ளத்தின்போது சங்கிலி அறுந்த ஆலைகள் பாலங்களில் போய் மோதும் என்பதால், 1870-க்குப் பிறகு அவற்றை அகற்றிவிட்டார்கள். பெலிசாரியஸ் காலத்துத் தொழில்நுட்பத்தின் கடைசிச் சக்கரங்களை வண்ணத்தில் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு!

மதில் வேலையில் அடிபட்டவை இன்னும் பல. ரஃபேலின் சுவரோவியங்கள் உள்ள ஃபர்னெசீனா மாளிகையின் தோட்டத்தில் ஆற்றோரத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்தார்கள். 1879-இல் அங்கே தோண்டியபோது மண்ணுக்கடியில் அகஸ்டஸ் காலத்து வீடு ஒன்று வண்ணச் சுவரோவியங்களோடு வெளிப்பட்டது. ஓவியங்களைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள். 1888-இல் அல்தோவீத்தி மாளிகை இடிந்தது. ஓவியர் வசாரி அதற்குள் வரைந்திருந்த ஓவியங்களை மட்டும் காப்பாற்றினார்கள். வெர்டியின் இசைநாடகமான ‘இல் த்ரோவாத்தோரே’ 1853-இல் முதன்முதலாக அரங்கேறிய அப்போலோ நாடகக் கொட்டகையும் போயிற்று. டைபர் தீவை அக்கரையோடு இணைத்த செஸ்தியோ பாலம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தில் எழுந்தது. அதை 1888-இல் கல் கல்லாகப் பிரித்து, அகலமான புதிய ஆற்றுக்குத் தக்கபடி 1892-இல் மறுபடி கோத்தார்கள். பழைய கற்களில் மூன்றில் இரண்டு பங்குதான் புதிய பாலத்தில் இடம்பெற்றன.

ஆற்றுக்கு அப்பாலும் இடிப்பு நடந்தது. தலைநகரத்துக்கு அமைச்சகங்கள் வேண்டும், அதிகாரிகளுக்குக் குடியிருப்பு வேண்டும் என்று 1880-களில் கட்டட வெறியே பிடித்து ஆட்டியது. லுதோவீசி பண்ணைத் தோட்டத்தின் மரங்களை வெட்டி மனை போட்டார்கள். காப்பித்தோல் குன்றின் ஓரமாக மன்னர் விக்டர் இம்மானுவேலுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப 1885-இல் அடிக்கல் நாட்டி, சுற்றியிருந்த பழைய வீடுகளை வாரிக்கொண்டு போனார்கள். மைக்கலாஞ்சலோ வாழ்ந்து 1564-இல் உயிர்விட்ட மாச்செல் தெ கோர்வி பகுதியும் அதில் அடக்கம். கடன் வாங்கிக் கட்டியவர்கள் திவாலாகி, வங்கிகள் கவிழ்ந்து, 1893-இல் ‘பாங்கா ரொமானா’ ஊழல் அரசாங்கத்தையே உலுக்கியது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இப்படி ஓர் ஊர் தன்னைத் தானே இடித்துக்கொண்டிருந்த நடுவில், 1883-இல் நாஸ்யொனாலே சாலையில் புதிதாகக் கட்டிய கண்காட்சி மாளிகை திறந்தது. ரோஸ்லர் ஃப்ரான்ஸ் தம் முதல் நாற்பது ஓவியங்களை அங்கே வைத்தார். அவற்றை மொத்தமாக விலைக்கு வாங்கியது ரோம் மாநகராட்சி. இடிப்பு வேலையில் பங்கெடுத்த அதே நிர்வாகம்தான். அவர்களைக் குறை சொல்வதைவிட, இந்த ஒரு காரியத்துக்காகப் பாராட்டுவதே சரி. வெள்ளத்தைத் தடுக்க வேண்டியிருந்தது, தடுத்தார்கள். அதற்காக எதை இழக்கிறோம் என்று யாரோ ஒருவர் அந்த மன்றத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறார், பணமும் ஒதுக்கியிருக்கிறார்.

மீதி எண்பதை அவர் உயிரோடிருந்த வரை மாநகராட்சி வாங்கவில்லை. வயதான காலத்தில் அவர் மனம் ரோமை விட்டுத் திவோலி அருவிகள் பக்கம் சாய்ந்திருந்தது. 1907 மார்ச் 26 அன்று ரோமில் காலமானார். மறு ஆண்டு, 1908-இல், இரண்டாம் மூன்றாம் வரிசைகளும் மாநகராட்சிக்கு வந்து சேர்ந்தன. 120-ஐயும் ஒரே கையில் சேர்த்ததால்தான் அது தொகுப்பாக நிலைத்தது. ஆளுக்கொன்றாக விற்றுப் போயிருந்தால், இன்று உலகெங்கும் வரவேற்பறைச் சுவர்களில் தலைப்புத் தெரியாத அழகான படங்களாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதே காலத்தில் வேறு நகரங்களிலும் இந்தக் கவலை எழுந்தது. பாரிஸில் நகர நிர்வாகி ஹவுஸ்மான் புதிய சாலைகளை வெட்டித் திறந்தபோது, இடிபடப்போகும் தெருக்களைப் படமெடுக்க ஷார்ல் மார்வில் என்ற புகைப்படக்காரரை 1860-களில் மாநகராட்சியே அமர்த்தியது. கிளாஸ்கோவில் சேரிப்பகுதிச் சந்துகளை 1868 முதல் 1871 வரை தாமஸ் ஆனன் படமெடுத்தார். அதுவும் நகரச் சீரமைப்பு அமைப்பு கொடுத்த வேலை. லண்டனில் ‘ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ்’ என்ற பழைய சத்திரம் இடிபடப் போகிறது என்று கேள்விப்பட்ட சிலர் 1875-இல் ஒரு சங்கம் சேர்த்து, பழைய லண்டனின் மிச்சங்களைப் புகைப்படமெடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1886 வரை அவர்கள் வெளியிட்ட படங்கள் எத்தனை தெரியுமா? சரியாக 120. இரண்டு ஊர்க்காரர்களும் பேசி வைத்துக்கொண்டதல்ல, தற்செயல்தான். மார்விலுக்கு நகராட்சி சம்பளம் கொடுத்தது. லண்டன் சங்கத்துக்குச் சந்தாதாரர்கள் இருந்தார்கள். ரோஸ்லர் ஃப்ரான்ஸை யாரும் கேட்கவில்லை. தாமாகவே தொடங்கினார், தம் செலவிலேயே முடித்தார். அந்த வகையில் இந்த நால்வகை முயற்சிகளில் அவருடையதுதான் அரியது.

நகர வரலாற்றாய்வாளர்கள் இந்த ஓவியங்களைத் தனியாக வைத்துப் படிப்பதில்லை. போப்பின் ஆட்சியில் தயாரித்த நிலவரிப் பதிவேடுகளின் வரைபடங்களையும் அந்தக் காலத்துப் புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். வரைபடம் வீட்டின் நீள அகலத்தைச் சொல்லும். புகைப்படம் ஜன்னலையும் கூரையையும் காட்டும். ஓவியம் நிறத்தையும் வெளிச்சத்தையும் தரும். மூன்றும் ஒத்துப்போகிற இடத்தில், போன தெரு ஒன்றைக் கிட்டத்தட்ட முழுதாக மீட்டுவிடலாம்.

120-இன் வீடு இன்று த்ராஸ்தேவெரே பகுதியில் இருக்கிறது. சாந்த் எஜீதியோ சதுக்கத்தில் கார்மேல் சபைக் கன்னியரின் பழைய மடத்தில் இயங்கும் ரோம் அருங்காட்சியகத்தின் கிளை அது. எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் சிலவற்றை வெளியே வைத்து, சிலவற்றை இருட்டில் ஓய்வெடுக்கவைத்து, மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். ரோமுக்குப் போகும் வாசகர்கள் கொலோசியத்துக்கும் வாடிகனுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்குக் கொடுக்க வேண்டும். எந்தப் படங்கள் காட்சியில் இருக்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பார்த்து முடித்ததும் டைபர் தீவின் பாலங்கள் வழியாக ஆற்றைக் கடந்தால் பத்து நிமிட நடையில் ஒக்தாவியா மண்டபமும் மீன் தலைக் கல்வெட்டும் வந்துவிடும். அதற்குப் பக்கத்தில் ரெஜினெல்லா தெரு என்று ஒரு குறுகிய தெரு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கெட்டோவை விரிவாக்கியபோது அதனுள் சேர்ந்த பகுதி அது, இடிப்பில் தப்பியது. அந்த வீடுகளின் உயரத்தையும் நடுவிலுள்ள இடைவெளியையும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த இதழில் பாரிஸ்: மார்வில் படமெடுத்த 425 தெருக்காட்சிகளும் அவற்றில் மிஞ்சியவையும்.